மஞ்சள் சிங்கம்

ஜெர்மனியின் மைசன் ஆலையில் 1730 வாக்கில் தீட்டிய பீங்கான் தட்டு. பால் வெள்ளை. ஒரு பக்கம் மூங்கில். அதைச் சுற்றி உடம்பை வளைத்துக்கொண்டு ஒரு விலங்கு. எதிரே பூத்துநிற்கும் பிளம் மரம். விலங்கின் உடம்பில் கருப்பு வரிகள் பளிச்சென்று தெரிகின்றன. புலி என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அந்தத் தட்டுக்கு நிலைத்துவிட்ட பெயர் ‘மஞ்சள் சிங்கம்’!

மூலம் ஜப்பானின் அரிதா ஊர்க் குயவர்களுடையது. ககியேமோன் பாணி என்பார்கள். டச்சுக் கப்பல்களில் ஐரோப்பா போன சரக்கு அது. சாக்சனியை ஆண்ட அகஸ்டஸுக்குப் பீங்கான் என்றால் பைத்தியம். அவர் சேர்த்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் மைசன் ஓவியர்கள் நகலெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜப்பான் காடுகளிலும் புலி கிடையாது. அங்குள்ள ஓவியர்களே சீன ஓவியங்களையும் புலித்தோலையும் பார்த்துத்தான் வரைந்தார்கள். ஆக, இருபுறமும் உயிருள்ள புலி எதிரே நிற்காமலே வந்த ஓவியம்.

நகல்தானே என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இண்டு இடுக்கு விடாமல் அலங்காரத்தை அப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்து ஐரோப்பியக் கை, தட்டில் பாதிக்கு மேல் வெறுமையாக விட்டிருக்கிறது. புலியை வரைவதைவிட அதுதான் கடினமாக இருந்திருக்கும்.

வரிகளை அச்சுப்பிசகாமல் எடுத்தவர்கள் பெயரில்தான் கோட்டைவிட்டார்கள். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆகியும், ஏலப் பட்டியல்களில் அது இன்னும் சிங்கம்தான்.