நம்பிக்கைக்குச் சான்று உண்டா?

“நாய் வாலை நிமிர்த்த முடியுமா, தம்பி?”

ஆசிரியர் அறையில், நாளேட்டை மடித்து மேசைமீது போட்டுவிட்டு, மூத்த ஆசிரியர் ஒருவர் என்னைக் கேட்டார். கேட்டவர் பழைமைக்குப் பல்லாண்டு பாடுபவர் அல்லர். இளமையில் மாநாட்டுப் பந்தல்களில் துண்டை விரித்து உறங்கியவர்; தம் மகளுக்குப் புரோகிதரும் வேள்வியும் இன்றி, மாலை மாற்றி மணம் முடித்தவர். அத்தகையவர், அன்றைய ஏட்டில் வந்த சாதிக் கொலைச் செய்தியைப் படித்துவிட்டு, நெஞ்சு பொறுக்காமல் கேட்ட கேள்வி அது. வைதீகர் கேட்டிருந்தால் விடை கூறுதல் எளிது. நம்மவர் கேட்டபோது நா எழவில்லை.

மணி அடித்தது. வகுப்புக்குச் சென்றுவிட்டேன். ஆனால், கேள்வியும் என்னோடு வகுப்புக்குள் வந்தது. மாலையில் வீட்டுக்கும் வந்தது. இரவில் எண்ணிப் பார்த்தபோது, அக்கேள்விக்குள் அதனினும் கூரிய மற்றொரு கேள்வி மறைந்திருக்கக் கண்டேன்.

எதற்கும் சான்று கேள் என்று நாட்டுக்குச் சொல்லி வருபவர்கள் நாம். ‘ஆண்டவன் காப்பான்’ என்போரிடம், ‘எங்ஙனம் அறிந்தீர்?’ என்கிறோம். ‘அடுத்த பெயர்ச்சியில் நன்மை விளையும்’ என்னும் சோதிடரிடம், ‘எந்தக் கணக்கில் கண்டீர்?’ என்கிறோம். நன்று. அங்ஙனமாயின், ‘நாளைய சமுதாயம் நல்ல சமுதாயமாக இருக்கும்’ என்று நாம் மேடையில் முழங்கும்போது, கூட்டத்தின் கடைக்கோடியிலிருந்து ஒருவன் எழுந்து, ‘அதற்குச் சான்று என்ன, ஐயா?’ என்று கேட்டால் யாது கூறுவோம்? மூட நம்பிக்கையைச் சாடுபவன் கொண்டிருக்கும் நம்பிக்கை எத்தகையது? அதுவும் ஒருவகைப் பக்திதானா? கோயில் வேறு, கும்பிடுவது மட்டும் ஒன்றா?

இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் பகுத்தறிவுக்கு அழகன்று. எதிர்நின்று விடை காண்போம்.

‘காலம் மாறும், கவலை வேண்டா’ என்பார் சிலர். கேட்க இனிக்கும் சொல். ஆனால், காலம் என்பது என்ன? கடிகாரமும் நாட்காட்டியும் சாதியை ஒழித்ததாக வரலாறு உண்டா? ஈராயிரம் ஆண்டுக் காலம் ஓடியும் தீண்டாமை தானாகத் தேய்ந்து மறையவில்லையே! காலத்தின் தலையில் பொறுப்பைச் சுமத்திவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருப்பவர், விதியை விட்டவர் அல்லர். விதிக்கு வேறு பெயர் சூட்டியவர்.

‘எதுவும் மாறாது’ என்பார் வேறு சிலர். இது கசக்கும் சொல். கசப்பதனாலேயே உண்மைபோலத் தோன்றும் சொல். ஆனால், சற்றே உரசிப் பாருங்கள். சனாதனம் என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? என்றும் உள்ளது, மாறாதது என்பதுதானே! ‘இது மாறாது’ என்று ஆதிக்கக்காரன் ஆணவத்தோடு சொல்கிறான். ‘ஆமாம், மாறாது’ என்று நம்மவர் அயர்ச்சியோடு சொல்கிறார். ஒருவர் குரலில் மகிழ்ச்சி, மற்றவர் குரலில் துயரம். குரல்தான் வேறு, கோட்பாடு ஒன்று! மனம் உடைந்த தோழர் தம்மை அறியாமலே, தாம் வாழ்நாளெல்லாம் எதிர்த்தவனின் மந்திரத்தை உச்சரிக்கிறார். அவநம்பிக்கையும் சான்று கேட்கப்பட வேண்டிய ஒரு நம்பிக்கைதான்.

எனவே, சான்றுகளை நாடுவோம்.

1970-ஆம் ஆண்டு தமிழகச் சட்டமன்றம், கோயில் அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமையை நீக்கும் சட்டத்தை இயற்றிற்று. 1972-இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் அர்ச்சகர் நியமனம் ஆகம விதிக்கு உட்பட்டே அமைய வேண்டும் என்று கூறி, திறந்த கதவுக்குப் பின்னே மற்றொரு கதவை நிறுத்திற்று. கருவறை நுழைவுக் கிளர்ச்சிக்கு அழைப்பு விடுத்திருந்த பெரியார், 1973 டிசம்பரில் மறைந்தார். 2006-இல் மீண்டும் சட்டம், பின்னர் பயிற்சிப் பள்ளிகள், மீண்டும் வழக்கு, 2015-இல் மீண்டும் தீர்ப்பு. பயிற்சி முடித்த இளைஞர்கள் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தனர். 2021 ஆகஸ்டு 14 அன்று, அவ்வாறு பயிற்சி பெற்ற பல சாதியினர் 24 பேருக்குப் பணியாணை வழங்கப்பட்டது. 2023-இல் பெண்கள் மூவர் அர்ச்சகர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றனர்.

‘பல்லாயிரம் கோயில்கள் உள்ள நாட்டில் இருபத்து நால்வரா? இதற்கோ இத்தனை ஆரவாரம்?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டும். கருவறையில் சமத்துவம் வந்துவிட்டது என்று காட்ட அவ்வெண்ணிக்கை போதாதுதான். ஆனால், ‘காக்கை எல்லாம் கறுப்பே’ என்பவனை மறுக்க எத்தனை வெள்ளைக் காக்கைகள் வேண்டும்? ஒன்று போதும்! ‘பிறப்பால் தகுதியற்றவன் தொட்டால் தெய்வம் தீட்டுப்படும்; இது மாற்றவொண்ணா நியதி’ என்ற கூற்றை வீழ்த்த இருபத்து நால்வர் போதும்; ஏராளமாகவே போதும். வேலை முடிந்தது என்பதற்கு அச்செய்தி சான்றன்று. வேலை முடியக்கூடியது என்பதற்குச் சான்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவரே ஒருநாள் துள்ளுகிறார், மறுநாள் துவளுகிறார்.

இன்னொரு சான்று. 1928-ஆம் ஆண்டு முதலே நம் நாட்டில் சுயமரியாதைத் திருமணங்கள் நடைபெற்று வந்தன. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், அத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்றது. எண்ணிப் பாருங்கள்! ஊரறிய இணைந்து, மக்களைப் பெற்று, மாண்போடு வாழ்ந்த குடும்பங்களின் மணம், ஏட்டில் மணமன்று என்றாயிற்று. அத்தீர்ப்புக்குப் பிறகும் அம்மணங்கள் நின்றனவா? இல்லை! சட்டம் கைகொடுக்காது என்று அறிந்தும் ஆணும் பெண்ணும் மேடையேறினர், மாலை மாற்றினர். 1967-இல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு சட்டம் இயற்றியது; அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், இத்தகைய மணத்துக்கு ஊரறிந்த விழா கட்டாயமன்று என்று தெளிவாக்கிற்று. சாதி கடந்து மணந்து, உற்றார்க்கு அஞ்சி ஒளிந்து வாழும் இளையோர்க்கு அது எத்தகைய அரண்!

வெற்றியின் வரலாறு நேர்க்கோடன்று என்பதையும் மறைத்தல் ஆகாது. 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கத் தொடங்கிற்று. சில ஆண்டுகளிலேயே, செலவைக் காட்டி வெள்ளையர் ஆட்சி அதனைத் தடுத்தது, திட்டம் நின்றது. அன்று அச்செய்தியைப் படித்தவர், ‘ஏழைப் பிள்ளையின் வயிறு என்றும் இப்படித்தான்’ என்று ஏட்டை மடித்து வைத்திருப்பார். 1956-இல் காமராசர் மீண்டும் அடுப்பை மூட்டினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவும் தொடங்கிற்று. முதலில் 1,545 பள்ளிகள். மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்தும். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஆசிரியன் ஏட்டில் படிக்க வேண்டியதில்லை. முதல் பாடவேளையில் மேசைமேல் சாயும் சின்னஞ்சிறு தலைகள் சொல்லும். நிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்கியது; தொடங்கியது, வளர்ந்தது. யாரோ சிலர் மறக்க மறுத்ததனால்! பெற்றதைக் காக்கவும் ஆள் வேண்டும் என்பதே அந்த இடைவெளி உரைக்கும் பாடம்.

இனி, அறம் சார்ந்த ஓர் ஐயம். அண்டை வீட்டில் அழுகுரல் கேட்கும்போது, நல்ல செய்தியைப் படித்து நாம் மகிழ்வது முறையா? 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் மனித மலம் கலந்திருக்கக் கண்டனர். விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர், அருகிலுள்ள இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருக்கக் கண்டார். அய்யனார் கோயிலுக்குள் அம்மக்கள் விடப்படாமையையும் அறிந்தார். அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அடுத்த மாதம், திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக அடைபட்டிருந்த முத்துமாரியம்மன் கோயில் கதவும் ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்தது. கோயிலுக்குள் இருப்பது கல்லே என்பது நம் கருத்தாகலாம். ஆனால், ‘நீ வராதே’ என்ற தடை கல்லன்று. அது மனிதன் மனிதனுக்கு இழைக்கும் இழிவு. அது உடைந்தது நற்செய்தியே. எனினும், தொட்டி நீரில் பட்ட கறை அதனால் கழுவப்பட்டதா? இல்லை. அவ்வழக்கில் 2025-இல் வந்த குற்றப்பத்திரிகையும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. அம்மக்களின் காயம் ஆறவில்லை. ஆகவே, ஒரு நல்ல செய்தியைக் காட்டி ஒரு கொடுமையை மறக்கச் சொல்பவர், நம்பிக்கையை விதைப்பவர் அல்லர், தாலாட்டுப் பாடுபவர்.

ஆனால், தீய செய்தியும் நல்ல செய்தியும் எதிரெதிர் முகாம்களும் அல்ல. சிறைகளில், சமையற்பணி உயர்சாதிக்கு, துப்புரவுப்பணி தாழ்த்தப்பட்டோர்க்கு என்று விதிநூல்களே வகுத்திருந்த கொடுமையைச் சுகன்யா சாந்தா என்னும் பெண் இதழாளர் 2020-இல் வெளிக்கொணர்ந்தார். படித்தோர்க்கு அது தீய செய்தி. அவர் அத்துடன் எழுதுகோலை மூடிவிடவில்லை. உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2024 அக்டோபர் 3 அன்று, சிறையில் சாதி பார்த்துப் பணி பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பு வந்தது. தீய செய்தியை அஞ்சாமல் சொன்னவரே நல்ல செய்திக்கு விதை ஊன்றினார்! மறைத்திருந்தால் மகிழ்ச்சி விளைந்திருக்காது. புலம்பி நிறுத்தியிருந்தாலும் விளைந்திருக்காது.

ஆக, பகுத்தறிவாளன் கொள்ளும் நம்பிக்கை எது? நன்மை நடந்தே தீரும் என்னும் ஆரூடமன்று. அதற்குச் சான்று இல்லை. நன்மை நடக்கக் கூடும் என்னும் முடிவு. அதற்குச் சான்றுகள் உண்டு. ‘கூடும்’ என்பதற்கும் ‘நடந்தது’ என்பதற்கும் இடையே ஒரு வெற்றிடம் இருக்கிறது. பக்தன் அங்கே கடவுளை நிறுத்துகிறான். சோதிடன் கோளை நிறுத்துகிறான். சோம்பேறி காலத்தை நிறுத்துகிறான். நாம் அங்கே நிற்க வேண்டியவர்கள். அவ்வளவே வேறுபாடு, ஆனால், அதுவே முழு வேறுபாடு.

காலை வணக்கக் கூட்டத்தில் மாணவர் செய்தி படிப்பது எங்கள் பள்ளி வழக்கம். இப்போது ஒவ்வொரு செய்திக்கும் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லியிருக்கிறேன்: இதற்காக உழைத்தவர் யார்? எத்தனை ஆண்டுகள் உழைத்தனர்? இன்னும் மீதம் உள்ளது என்ன? முதல் இரண்டும் நன்றியைக் கற்பிக்கும், மூன்றாவது உறங்கவிடாது.

மூத்த ஆசிரியருக்கும் என் விடையைச் சொல்லிவிட்டேன். “ஐயா, நாய் வால் இயற்கையில் வளைந்தது. சாதி, மனிதன் வளைத்தது. மனிதன் வளைத்ததை மனிதன் நிமிர்த்தலாம். சான்று வேண்டுமா? உங்கள் மகளின் திருமணப் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் செல்லாது எனப்பட்ட மணம் அது. யார் நிமிர்த்தினார்கள், ஐயா? பந்தலில் துண்டை விரித்து உறங்கியவர்கள்தாமே?”

அவர் சிரித்தார். மடித்துப் போட்டிருந்த நாளேட்டை மீண்டும் விரித்தார். “சரி, தம்பி. அந்தக் கொலை நடந்த ஊர், நம் மாணவர்கள் சிலர் வரும் ஊருக்கு அடுத்ததுதான். வருகிற ஞாயிறு போய்ப் பெற்றோரைப் பார்ப்போமா?” என்றார்.

போகிறோம்.