அடைத்த கதவின் மாண்பு

கோவையில் வாழ்ந்துகொண்டு கண்காணிப்பைப் பற்றிச் சிந்திப்போர் 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாளை மறத்தல் இயலாது. தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்ட வடு இன்னும் ஆறவில்லை. 2022 அக்டோபரில் உக்கடத்தில் கார் ஒன்று வெடித்தபோது பழைய அச்சம் மீண்டும் நம் இல்லங்களில் நுழைந்தது. எனவே தெருமுனையில் கேமரா பொருத்தப்படுவதைக் கண்டு நாம் நிம்மதி கொள்வதில் வியப்பில்லை. குடிமக்களின் உயிரைக் காப்பது அரசின் கடமையன்றோ?

ஆயினும் ஒன்றை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டைமேட்டின் நுழைவழிகளில் காவல்துறையின் சோதனைச் சாவடிகள் பல ஆண்டுகள் நின்றன. அங்கு வாழ்ந்த இஸ்லாமிய மக்கள் தம் வீட்டுக்குச் செல்லவே சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. பாதுகாப்பிற்கு இது தேவையே என்று நாம் நமக்குள் கூறிக்கொண்டோம். நாம் விட்டுக்கொடுத்தது நம் கதவையன்று, அயலாரின் கதவை.

அச்சாவடிகள் பின்னர் அகற்றப்பட்டன. ஆனால் இன்றைய சாவடிக்குத் தடுப்புக் கட்டை தேவையில்லை. நம் முகமும் கைரேகையும் கைப்பேசி உரையாடலுமே அதன் வாயில்கள். தமிழகக் காவல்துறையின் முகமறியும் மென்பொருளில் 2024-ஆம் ஆண்டு அந்நியர் ஊடுருவினர். காவலுக்கென்று சேர்த்து வைத்ததற்கும் காவல் தேவைப்பட்டது!

“தவறு செய்யாதவர் ஏன் அஞ்ச வேண்டும்? அனைத்தையும் காணும் இறைவன்முன் வாழும் நமக்கு மறைக்க என்ன இருக்கிறது?” என்று நம்மிடையே சிலர் கேட்பதுண்டு. இறைவனின் பார்வையும் ஏட்டின் பார்வையும் ஒன்றல்ல. இறைவன் முழுதும் அறிகிறார், அறிந்தே மன்னிக்கிறார். ஏடோ பாதி அறிந்து முழுதும் சேமிக்கிறது. மன்னிக்க அதற்குத் தெரியாது. இறைவன் அனைத்தையும் அறிவார் என்று நம்பும் திருச்சபைதான், ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எந்த அரசு கேட்டாலும் குருவானவர் வெளியிடலாகாது என்று முத்திரையிட்டுள்ளது. உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துச் செபிக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். மனச்சான்று மனிதர் இறைவனோடு தனித்திருக்கும் திருவிடம் என்று கற்பித்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், அந்தரங்கம் காக்கப்படுவதை மனித உரிமைகளுள் ஒன்றாக 1965-ஆம் ஆண்டிலேயே எண்ணியது. பிறர் கண் ஓயாது பதிந்திருக்கும் இடத்தில் மனிதர் நல்லவராக நடிக்கக் கற்கலாம். நல்லவராக மாறுவது கடினம்.

நாட்டின் நீதியும் இதனை ஏற்றுள்ளது. தொலைபேசி உரையாடல் அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியது. ஆதார் திட்டத்தை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ காரணமாக இல்லாமல் தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறி, 2011-ஆம் ஆண்டு ஆணை ஒன்றை நீக்கியது. எனினும் ஒட்டுக்கேட்க அனுமதிப்பவர் இன்றும் நீதிபதியல்லர், உள்துறைச் செயலரே. அதனை மறுஆய்வு செய்யும் குழுவினரும் அரசு அதிகாரிகளே. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள நடுவண் அரசுக்கு இடம் தருகிறது.

காவலே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மாண்ட 58 பேர்முன் அப்படிக் கூற எவருக்கு மனம் வரும்? காவலரும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றே கேட்கிறோம். எந்தச் சட்டத்தால், எந்தக் காரணத்திற்காக, எத்துணைக் காலத்திற்கு என்னும் மூன்று கேள்விகளை நம் வாசலில் கேமரா வரும்போது மட்டுமின்றி, அயலார் தெருவில் வரும்போதும் கேட்போம். அன்று கோட்டைமேட்டிற்காக நாம் கேட்கத் தவறிய கேள்விகள் இவையே.