இது ஆருட மரம்?

பாலைப்பழம் தின்ற வாயை மறைக்க முடியாது. அதன் பால் உதட்டில் பட்டுக் காய்ந்தால் மேலுதடும் கீழுதடும் ஒன்றையொன்று விட மறுக்கும். ஓதப்பள்ளிக்குப் பிந்திப் போகும் நாட்களில் லெப்பை எங்களிடம் காரணம் கேட்பதில்லை. அலிஃப், பே சொல்லச் சொல்வார். 'அலிஃப்' தப்பிவிடும். 'பே' சொல்ல உதடுகள் மூட வேண்டும். மூடியவை திறக்காது. குற்றம் நிரூபணமாகிவிடும்.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையில், களப்போரமாக இருந்தது எங்கள் ஊர். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், இடையில் மணல். அந்த மணலில் முள்ளும் புதரும் மண்டிக் கிடந்தன. எங்களுக்கு அந்தப் புதர்கள் ஒரு நாட்காட்டி. சூரைப்பழம் கறுத்தால் ஒரு காலம், ஈச்சை கறுத்தால் ஒரு காலம், இலந்தை உதிர்ந்தால் ஒரு காலம். சூரையில் கொக்கி முள். கையை உள்ளே விடுவது சுலபம், எடுப்பதில்தான் இருக்கிறது வித்தை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜூன், ஜூலை மாதங்களில் பாலை. வில்பத்துக் காட்டில் கரடிகள் மரமேறித் தின்னும் பழம் அது. எங்கள் பக்கத்தில் பெரிய பாலை ஒன்றே ஒன்றுதான் நின்றது. எவருடைய வளவுக்குள்ளும் இல்லாமல், களப்பைப் பார்த்தபடி தனியாக. அதன் வயது எவருக்கும் தெரியாது. பாலை மிக மெதுவாக வளரும் மரம். ஒரு காலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை போடுமளவுக்கு வைரம் பாய்ந்தது.

அந்த மரத்துக்குச் சட்டங்கள் இருந்தன. கொப்பை முறிக்கக் கூடாது. காயை உலுப்பக் கூடாது. உம்மம்மா சொல்வார்: "கைக்கு எட்டுறது ஒனக்கு, எட்டாதது குருவிக்கு." இவற்றை எழுதி வைத்தவர் எவருமில்லை. ஆனாலும் மீறினால் ஊரே ஏசும். இப்போது நினைக்கும்போது, சொத்தே இல்லாத ஓரிடத்தில் எவ்வளவு ஒழுங்கு இருந்தது என்று வியப்பாக இருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்கள், முசலிப் பக்கத்திலிருந்து காட்டு வழியே நடந்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்கள் என்று புத்தளம் மாவட்டம் நிரம்பியது. எங்கள் ஊர் என்ன செய்தது என்பதைப் பெருமையோடுதான் சொல்ல வேண்டும். பள்ளிவாசலும் பாடசாலையும் திறந்து விடப்பட்டன. வீட்டுக்கு வீடு உலை ஏறியது. எனக்குப் பதினொரு வயது. பெருநாளைக்குத் தைத்த என் சட்டையை உம்மா எடுத்துக் கொடுத்தபோது நான் அழவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. சில வாரங்களில் களப்போர மணலில் கிடுகுக் குடிசைகள் வரிசையாக எழும்பின. அந்த வரிசையின் கடைசிக் குடிசைக்கும் பாலை மரத்துக்கும் நடுவே நூறு அடி இருக்குமோ என்னவோ.

அடுத்த வருடம் பாலை பழுத்தது.

ஒருநாள் லுஹருக்குப் பிறகு தனியே போனேன். மரத்தடியில் ஒரு பொடியன். என் வயதுதான் இருக்கும். முசலிப் பக்கத்துக்காரன் என்பது பேச்சில் தெரிந்தது. கையில் ஒரு பால்மா டின், முக்கால்வாசி நிறைந்திருந்தது. மேல்கொப்பை அவன் தொடவில்லை. எதையும் முறிக்கவுமில்லை. கனிந்ததை மட்டும் காம்போடு திருகி எடுத்திருந்தான். எங்களைவிட நன்றாகவே அவனுக்குப் பாலை தெரிந்திருந்தது. என்னைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டு கேட்டான்:

"இது ஆருட மரம்?"

சண்டைக்காகக் கேட்ட கேள்வியல்ல அது. உரியவன் இருந்தால் அனுமதி கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளையின் கேள்வி. நான் சொன்னேன்:

"எங்கட."

அவன் முகம் சுருங்கியது. "தெரியாம ஆஞ்சிட்டன்" என்றான். பிறகு, நான் கேட்காமலே, டின்னைக் கவிழ்த்துப் பழங்களை மரத்தடி மணலில் கொட்டினான். கடைசிப் பழம் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் தட்டி விழுத்திவிட்டு, வெறும் டின்னோடு குடிசைப் பக்கம் நடந்தான்.

பழங்களை நான் எடுக்கவில்லை. எறும்பு மொய்த்தது. வீட்டில் எவரிடமும் சொல்லவுமில்லை. அந்தப் பொடியனின் குடும்பம் சில மாதங்களில் வேறு முகாமுக்குப் போய்விட்டது. அவன் பெயரை நான் கேட்டிருக்கவில்லை.

இத்தனை வருடங்களாக என்னை விடாத கேள்வி ஒன்று உண்டு. புதுச் சட்டையைக் கொடுத்தவன் நான். அது என்னுடையது. பாலைப்பழத்தை மறுத்தவனும் நான். அது என்னுடையதல்ல. எங்களுடையதைக் கொடுக்க முடிந்த எங்களுக்கு, எங்களுடையதல்லாததைப் பகிர ஏன் முடியவில்லை?

கஞ்சத்தனம் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. கஞ்சன் சட்டையைத்தான் முதலில் பிடித்துக்கொள்வான். எனக்கு இப்போது தோன்றுவது இது. சட்டையைக் கொடுத்தபோது நான் கொடுப்பவனானேன். அவன் வாங்குபவனானான். என் கை மேலே, அவன் கை கீழே. கொடுக்கும் கைதான் மேலானது என்று மார்க்கம் சொல்லித் தந்ததைக் கொடுப்பதற்கான ஊக்கமாக எடுக்காமல், மேலே நிற்பதற்கான இடமாக நான் எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. மரத்தடியில் அந்த இடம் இல்லை. அவன் தன் கையால் பறிக்கிறான். எனக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. எனக்கும் அவனுக்கும் மேலே மரம், மரத்துக்கு மேலே குருவி, எல்லாவற்றுக்கும் மேலே படைத்தவன். அங்கே நாங்கள் இருவரும் ஒரே உயரம். அந்த ஒரே உயரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தர்மம் செய்வதைவிடச் சமமாக நிற்பது கடினம்.

மார்க்கச் சட்டம் இந்த விடயத்தில் என்னைக் காப்பாற்றாது. ஒருவருக்கும் சொந்தமில்லாத நிலத்தில், எவரும் நடாமலும் நீர் ஊற்றாமலும் விளைவது முபாஹ், பொதுவில் ஆகுமானது. எடுப்பவன் கைக்கு வந்ததும் அது அவனுடையது. அப்படிப் பார்த்தால், அந்த டின்னில் இருந்த பழங்கள் அவனுக்கே சொந்தமாகிவிட்டிருந்தன. நீரிலும் மேய்ச்சலிலும் நெருப்பிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவு அங்கே இல்லை. பங்காளிகள் என்றே சொல்லப்படுகிறார்கள்.

இன்னொரு ஹதீஸ் உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் ஜாபிர் (ரழி) அவர்கள் வழியாக வருவது. மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் ஸஹாபாக்கள் அராக் மரத்தின் பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களும் கூட இருக்கிறார்கள். கறுத்ததாகப் பார்த்து எடுங்கள், அதுதான் நல்லது என்கிறார்கள். இதெல்லாம் தெரிந்திருக்கிறதே, ஆடு மேய்த்திருக்கிறீர்களா என்று தோழர்கள் கேட்கிறார்கள். ஆடு மேய்க்காத நபி எவரும் உண்டா என்ற பொருளில் பதில் வருகிறது. அராக் என்பது மிஸ்வாக் குச்சி எடுக்கும் மரம். தமிழில் உகாய். மன்னார், புத்தளம் கரையோர உப்புக் காற்றிலும் அது வளர்கிறது. சின்ன வயதில் அதன் காரமான பழத்தை வாயில் போட்டுத் துப்பியிருக்கிறேன். அது ஹதீஸில் வரும் மரம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இந்த ஹதீஸில் என்னைத் தொடுவது பழத்தைவிட அந்த அறிவுதான். எந்தப் பழம் எப்போது இனிக்கும் என்பது ஆடு மேய்ப்பவனின், கையில் காசில்லாதவனின், வெயிலில் திரிபவனின் அறிவு. காட்டைச் சொந்தமாக்கிக்கொண்டதால் வருவதில்லை. காட்டை நம்பி இருந்ததால் வருகிறது. நானோ, எனக்கு அந்த மரத்தைத் தெரியும் என்பதையே எனக்கு அது சொந்தம் என்பதற்கு ஆதாரமாக வைத்துக்கொண்டேன். அந்த ஆதாரம் செல்லுமென்றால் அவனுக்கு என்னைவிட அதிகமாகச் சொந்தம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அதை ஒளிக்கக் கூடாது. புத்தளத்து மக்கள் பட்ட சிரமம் கற்பனையல்ல. கிணற்று நீர் குறைந்தது, உவர்த்தது. விறகுக்காகப் புதர்கள் வெட்டப்பட்டன. கூலி குறைந்தது. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. பொதுவானது என்பதற்காக எல்லாரும் அள்ளினால் எவருக்கும் மிஞ்சாது. உண்மைதான். பங்காளித்தனத்துக்கும் அளவு வேண்டும். வழிப்போக்கன் தோட்டத்துப் பழத்தை அங்கேயே உண்ணலாம், மடியில் கட்டிக்கொண்டு போகலாகாது என்ற கருத்தில் வரும் நபிமொழியும் அந்த அளவைத்தான் சொல்கிறது. ஆனால் அளவு என்றால் எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கைக்கு எட்டாதது குருவிக்கு என்ற சட்டத்தை அவன் மீறவேயில்லை. நான் அவனிடம் காட்டியது அளவை அல்ல, வேலியை.

உண்மையான வேலிகள் வந்தபோது நாங்கள் என்ன செய்தோம்? எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் மரங்கள் வெட்டப்பட்டுக் குளங்கள் தோண்டப்பட்டன. பிறகு வெண்புள்ளி நோய் வந்து அவற்றில் பல கைவிடப்பட்டன. இன்றும் வெறும் பள்ளங்களாகக் கிடக்கின்றன. மணற்புதர்கள் குழாய்க் கிணற்றுத் தோட்டங்களாயின. நுரைச்சோலையில் 2006இல் வேலை தொடங்கிய அனல் மின்நிலையம் 2011இல் மின்சாரம் தரத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நியாயமும் தேவையும் இருக்கலாம். நான் சொல்ல வருவது வேறு. கம்பி வேலியும் காகிதமும் கொண்டு வந்தவர்களிடம் நாங்கள், என் தலைமுறைப் பொடியன்கள், "இது ஆருட மரம்?" என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. பால்மா டின்னோடு வந்தவனிடம்தான் உரிமை பேசினோம். எங்கள் பாலை மரமும் ஒரு வேலிக்குள் போய், பிறகு ஒருநாள் இல்லாமல் போனது. அப்போதும் எவரும் சத்தம் போடவில்லை.

2009இல் போர் முடிந்த பின் முசலிப் பக்கத்து மக்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். இருபது வருடத்தில் அவர்களது வளவுகளைக் காடு மூடியிருந்தது. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துக் காடு ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் வில்பத்து என்ற பெயரில் நாடெங்கும் பெரிய சர்ச்சை கிளம்பியது. அதன் வழக்குகளை இங்கே நான் எடை போட வரவில்லை. காட்டுக்கும் உரிமை உண்டு, கரடிக்கும் குருவிக்கும் பங்கு உண்டு என்பதை உம்மம்மாவிடம் படித்தவன் நான். ஆனாலும் அந்தச் செய்திகளை வாசித்த நாட்களில் ஒரு முகம்தான் என் முன்னே வந்தது. அவனும் திரும்பிப் போயிருந்தால், தன் வாப்பாவின் வளவில் நின்றே, அது ஆருட மரம் என்ற கேள்வியை வாழ்க்கையில் இரண்டாம் முறையாகச் சந்தித்திருப்பான்.

அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். அடியானுக்குச் செய்த குற்றத்தை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். ஹுகூகுல் இபாத் பற்றி நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்த பாடம் இது. கடன் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். அடித்திருந்தால் கையைப் பிடிக்கலாம். என் கணக்கு அதைவிடச் சிக்கலானது. எனக்கு எதிராகத் தன்னிடம் ஒரு வழக்கு இருப்பதே அவனுக்குத் தெரியாது. பிறர் பழத்தைப் பறித்தது தான்தான் என்று நம்பிக்கொண்டு போனவன் அவன். தனக்கு அநியாயம் நடந்தது என்று அறியாதவன் எப்படி மன்னிப்பான்? நான் பறித்தது ஒரு டின் பழத்தை மட்டுமல்ல. அவன் குற்றமற்றவன் என்ற அறிவையும் அவனிடமிருந்து பறித்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்புக் கேட்பதில் பொருளில்லை.

போன வருடம் புத்தளத்துக்கு வெளியே வீதியோரத்தில் ஒரு பெண் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தார். காசு கொடுத்து வாங்கினேன். வாகனத்தில் என் மகள் ஒன்றைத் தின்று உதட்டைத் திறக்க முடியாமல் சிரித்தாள். "வாப்பா, இந்த மரம் ஆரு நட்டது?" என்று கேட்டாள். எவரும் நடவில்லை மகள் என்றேன். அப்படியென்றால் எதற்குக் காசு என்றாள். அந்தப் பெண் வெயிலில் நடந்து பொறுக்கியதற்கு என்றேன். அது சரியான பதில்தான் என்று நினைக்கிறேன். அன்று அந்த டின்னுக்குள் இருந்ததும் அதே வெயில்தான்.

அவன் இதைப் படிக்கக் கூடும், படிக்காமலும் போகலாம். என்றாலும் கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. முப்பது வருடங்களுக்கு மேல் பிந்திய பதில் இது. சகோதரரே, அந்த மரம் எங்கட இல்லை. நீங்கள் கொட்டிய பழங்கள் உங்களுடையவை.