பெயரை மாற்றினால் ரோடு மாறுமா?

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு போயிருக்கிறீர்களா? ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கும் ஊர். ஆறு வட்டமடித்து ஓடுவதால் வட்டாறு என்கிறார்கள். முதலில் ஆறு வளைந்தது. அப்புறம்தான் பெயர் வந்தது. அதுதானே முறை?

இதையே தலைகீழாகச் செய்த கதை ஒன்று உண்டு. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 'தமிழ்நாடு அரசு எதிர் கே.பாலு' என்பது வழக்கின் பெயர். 2015-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 1.46 லட்சம் பேர். எல்லாமே குடியால் அல்ல. ஆனால், குடித்துவிட்டு ஓட்டியதால் போன உயிர்களும் அதில் உண்டு.

கடையை நகர்த்துவது கஷ்டம். பெயரை நகர்த்துவது சுலபம்! 2017 மார்ச்சில் சண்டிகர் நிர்வாகம் நகரில் இருந்த மாநில நெடுஞ்சாலைகளை 'பெரிய மாவட்டச் சாலை' ஆக்கியது. தமிழ்நாட்டிலும் நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க ஏற்பாடு நடந்தது. விஷயம் ஐகோர்ட் வரை போனது. அதே தார், அதே வளைவு, அதே லாரி. போர்டு மட்டும் வேறு!

"ஆட்டோவும் தள்ளுவண்டியும் ஊர்ந்து போகிற டவுன் ரோட்டை நெடுஞ்சாலை என்று சொல்வதே அபத்தம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்குத் தடை பொருந்தாது என்று 2017 ஜூலை 11-ல் சுப்ரீம் கோர்ட்டே விளக்கம் சொல்லிவிட்டது. பைபாஸ் வந்து லாரிகள் ஊரைச் சுற்றிப் போய்விட்டால், பழைய நெடுஞ்சாலை தெருவாகிவிடும். பெயரும் மாறட்டும், தப்பே இல்லை.

அப்படியானால் எதுதான் தப்பு? பெயர் மாறும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எது முதலில் மாறியது? டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் அந்த ரோடுகளில் எதுவும் மாறவில்லை. சட்டம்தான் மாறியது. சட்டத்துக்குள் சிக்காமல் இருக்கத்தான் பெயர் மாறியது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த வித்தை பழக்கம். செலவை 'சொத்து' என்ற தலைப்பில் எழுதிவிட்டால் பேரேடு லாபம் காட்டும். கல்லாப்பெட்டி காட்டாது.

அரசாங்கத்தை மட்டும் சொல்வானேன்? லஞ்சத்துக்கு 'அன்பளிப்பு' என்றும், வரதட்சணைக்கு 'பெண் வீட்டார் ஆசைப்பட்டுச் செய்தது' என்றும் நாமும்தான் பெயர் வைத்திருக்கிறோம். சட்டத்தை உடைக்கக் கூச்சம். அதனால் சட்டம் தேடிவருகிற பெயரை அழித்துவிடுகிறோம். உடைத்தவனையாவது பிடிக்கலாம். பெயரை அழித்தவன் யோக்கியனாகவே நடமாடுவான்.

ராத்திரி பத்து மணிக்கு ரோட்டைக் கடக்கிற பாட்டி கெஜட் படிப்பதில்லை. எதிரே வரும் வண்டியைத்தான் பார்க்கிறாள்.