வழிகாட்டி நூல் காட்டாத ஊர்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் பாரிஸ் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த்திருவிழாவுக்கென லண்டனிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் சுவிஸிலிருந்தும் உறவினர் வருகின்றனர். தேர் முடிந்த மறுநாள் அவர்களை எங்கே கூட்டிச் செல்வது என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழும். ஈஃபிள் கோபுரம், லூவர், வெர்சாய் அரண்மனை, பிள்ளைகள் இருந்தால் டிஸ்னிலாந்து. நூலைத் திறந்தாலும் கைத்தொலைபேசியைத் திறந்தாலும் இதே வரிசைதான். இந்த வரிசையின்படி மட்டும் நடந்தால் போதுமா, வந்த ஊருக்கு வேறு கடமை ஏதும் நமக்கு உண்டா என்பதை இங்கு சற்று ஆராய விரும்புகிறோம்.

வழிகாட்டி நூல் தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் 5 பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிரே வருபவனை நிறுத்தி, இந்த வழியால் போ, இன்ன நிலத்தில் இன்ன உணவு தருவார்கள் என்கிறான். மலைபடுகடாத்தில் வழியிலுள்ள ஆபத்துகளும் சொல்லப்படுகின்றன. அடியார்கள் நாளும் ஓதும் திருமுருகாற்றுப்படையும் இந்த வகையைச் சேர்ந்ததே. சொல்பவன் போய் வந்தவன். கேட்பவனின் பசியையும் அறிந்தவன்.

ஐரோப்பிய நூல்களின் வழி வேறு. கார்ல் பெடேக்கர் 1827 இல் ஜேர்மனியின் கொப்லென்ஸ் நகரில் தொடங்கிய பதிப்பகம், காணத்தக்கவற்றுக்கு நட்சத்திரம் இடும் வழக்கத்தைப் பரப்பியது. பிரான்சின் மிஷ்லன் பச்சை நூலிலும் 3 நட்சத்திரம் என்றால் அதற்கென்றே பயணம் போகலாம். 2 என்றால் சற்றுச் சுற்றியேனும் போகலாம். இது பேருதவி என்பதை மறுக்க மாட்டோம். இரண்டு நாள் லீவில் பிள்ளை குட்டிகளோடு வந்தவரிடம், நூலை மூடிவிட்டு மனம்போன போக்கில் நடவுங்கள் என்பது வசதி படைத்தவர் செய்யும் உபதேசம்.

ஆனால் நட்சத்திரத்துக்கு மனச்சாட்சி கிடையாது. 1942 இல் நாசி விமானங்கள் எக்செற்றர், பாத், நோரிச், யோர்க், கன்ரபரி ஆகிய ஆங்கிலேய நகர்களைத் தாக்கியதில் 1,600 க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். பெடேக்கர் நூலில் சிறப்பிக்கப்பட்ட பழம்பெரும் நகர்கள் என்பதால் அவை இலக்காயின என்று பேசப்பட்டது. இன்றும் அத்தாக்குதல்களுக்குப் பெடேக்கர் என்ற பெயரே நிற்கிறது. 1943 இல் அதே பதிப்பகம், ஜேர்மனியர் பிடியிலிருந்த போலந்துப் பகுதிக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. மாளிகைகளும் விடுதிகளும் ஒழுங்காகத் தரப்பட்டிருந்தன. அங்கு வாழ்ந்த யூத மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அதைப் படித்து அறிய முடியாது.

இது எங்கோ நடந்த கதை அன்று. எம்மவர் குடும்பங்கள் பல குடியிருக்கும் திரான்சியில், லா முயெத் என்ற அடுக்குமாடித் தொகுதி இருக்கிறது. 1930 களில் குறைந்த வாடகைக் குடியிருப்பாகக் கட்டத் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்ற கட்டடம். 1941 ஆகஸ்ட் முதல் 1944 ஆகஸ்ட் வரை அதுவே தடுப்பு முகாம். பிரான்சிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஏறத்தாழ 76,000 யூதர்களில் சுமார் 63,000 பேர் இங்கிருந்து அனுப்பப்பட்டனர், பெரும்பாலோர் அவுஷ்விட்ஸுக்கு. காவல் நின்றவர்கள் பிரெஞ்சு ஜொந்தாமர்கள். 1943 நடுப்பகுதிவரை வண்டிகள் புறப்பட்டது லு பூர்ஜே நிலையத்திலிருந்து, பின்னர் பொபினியிலிருந்து. விமான நிலையத்திலிருந்து வடக்கு நிலையத்துக்கு எமது விருந்தினரை ஏற்றி வரும் ஆர்.இ.ஆர் பி வண்டி அந்த லு பூர்ஜே நிலையத்தைக் கடந்துதான் வருகிறது. பெட்டிகளைப் பிடித்தபடி, இன்னும் எத்தனை நிறுத்தம் என்று கேட்டுக்கொண்டே கடந்துவிடுகிறோம்.

விடுமுறைக்கு வந்தவர் துக்கம் கொண்டாட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவரை வற்புறுத்திக் கூட்டிச் சென்று கண்ணீர் விடச் சொல்வது பண்பாகாது. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. அந்தத் தொகுதியில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். சாளரத்தில் துணி காய்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று படம் எடுப்பது சரியா?

இதற்கு விடை தேடத் தூரம் போக வேண்டியதில்லை. லாச்சப்பலில் நின்று பார்த்தால் தெரியும். இன்று சில நூல்கள் எமது தெருவுக்கும் ஒரு பத்தி ஒதுக்குகின்றன. ஒன்று 'சின்ன இந்தியா' என்கிறது, மற்றொன்று 'சின்ன யாழ்ப்பாணம்' என்கிறது. நூலோடு வருபவர் புடவைக் கடையையும் கொத்துரொட்டியையும் படம் பிடிப்பார். இந்தச் சனம் ஏன் இங்கு வந்தது என்று கேட்பவர் அரிது. கேட்கும் ஒருவர் வந்தால் கடைக்காரர் தேநீர் கொடுத்துச் சொல்வார். படம் எடுப்பதால் மட்டும் எமக்கு மனம் நோவதில்லை. எதுவும் கேளாமல் போவதுதான் நோகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன் நிற்பவர், 1981 இல் 97,000 நூல்கள் எரிந்ததை அறியாவிட்டால், அழகிய வெள்ளைக் கட்டடம் என்று சொல்லிப் போய்விடுவார். அவர் கண்டதில் பிழையில்லை. ஆயினும் அருகில் நிற்கும் எமக்கு எப்படி இருக்கும்?

ஆகவே திரான்சிக்குப் போகலாம் என்பதே எமது எண்ணம். குடியிருப்போரின் சாளரங்களை விட்டுவிட்டு, கேட்டறியும் மனத்தோடு. நாசி முகாம்களிலிருந்து உயிர்தப்பிய சிற்பி ஷெலோமோ செலிங்கர் செய்து 1976 இல் நிறுவப்பட்ட நினைவுச் சின்னம் தொகுதியின் முன் உள்ளது. அதற்கு எதிரே 2012 இல் திறந்த நினைவகத்துக்கு அனுமதி இலவசம். நன்றாகச் சிறிய பிள்ளைகளுக்கு இது ஏற்றதன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளை பாடசாலையில் படித்திருக்கும், அதுவே உங்களுக்கு விளக்கும். வடக்கு நிலையத்தில் ஆர்.இ.ஆர் பி ஏறி லு பூர்ஜேயில் இறங்குங்கள். அங்கிருந்து பேருந்து உண்டு. எல்லா நாளும் திறப்பதில்லை. முன்கூட்டியே கேட்டறிந்து போங்கள். அரை நாள் போதும். மாலைப் பூசைக்குத் திரும்பிவிடலாம்.