சாபமும் மிரட்டலும்

"கண் குருடாகட்டும்! குலம் அழியட்டும்!" என்று ஒருவன் சபிக்கிறான். பகுத்தறிவை ஏற்றுக்கொண்ட நாம் சிரிக்கிறோம். சொல்லுக்கு மந்திர வலிமை கிடையாது. நாவினின்று எழுந்த ஒலி காற்றிலே கலந்து மறையுமேயன்றி, எவர் கண்ணையும் குருடாக்காது என்பது நம் துணிபு.

அங்ஙனமாயின், "உன்னைக் கொன்றுவிடுவேன்" என்று ஒருவன் கூறும்போது மட்டும் நாம் ஏன் சிரித்துவிட்டுச் செல்வதில்லை? அதுவும் சொல்தானே! சாபத்தை எள்ளி நகையாடும் நாம், மிரட்டலைக் குற்றமென்று கூண்டிலேற்றுவது எந்த நியாயம்?

இது பொழுதுபோக்குக் கேள்வியன்று. அமெரிக்கக் கல்லூரி மாணவர் சிலர் இக்கேள்வியை வழக்குமன்றத்தின் நடுவிலே நிறுத்திவிட்டனர்.

1996 செப்டம்பர் திங்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம். அங்கே பயின்று, தேர்ச்சி குன்றி வெளியேறிய 19 வயது இளைஞன், கணிப்பொறிக் கூடத்தில் அமர்ந்து 59 மாணவர்களுக்கு மின்னஞ்சல் விடுத்தான். அம்மடலைப் பெற்றவர்களில் மிகப் பலர் ஆசிய மரபினர். வளாகத்தைவிட்டு வெளியேறாவிடில் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துக் கொல்வதாக மடல் கூறிற்று. அடியிலே அவன் பெயர் இல்லை. ஆசியரை வெறுப்பவன் என்ற முகமூடிப் பெயரே இருந்தது.

"இணையத்திலே இத்தகைய ஏச்சு வாடிக்கை, அறியாப் பிள்ளையின் வம்பு" என்று வாதாடினர் அவன் தரப்பினர். 1997-இல் முதல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர இயலாது கலைந்தனர். 1998-இல் இரண்டாம் ஜூரிகள் அவனைக் குற்றவாளி என்றனர். எச்சட்டத்தின்கீழ்? ஏசியதைத் தண்டிக்கும் சட்டத்தின்கீழன்று. இனத்தைக் காட்டி ஒருவரது கல்வி பயிலும் உரிமையில் குறுக்கிடலாகாது என்று 1968-இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின்கீழ்! சொல் அழகற்றது என்பதற்காகவன்று. அச்சொல் வகுப்பறைக் கதவை அடைக்கப் பார்த்தது என்பதற்காகவே தண்டனை.

இனி மற்றொரு வழக்கு. 1995 சனவரியில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவன் ஒருவன், ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்து கொல்வதாகக் கதை புனைந்து இணையத்தின் பொதுப் பலகையில் ஏற்றினான். கதையிலே வந்த பெண்ணுக்கு அவன் சூட்டிய பெயரோ, உடன் பயின்ற மாணவியின் மெய்ப்பெயர்! மாஸ்கோவிலிருந்த பழைய மாணவர் ஒருவர் வழியாகச் செய்தி பல்கலைக்கழகத்துக்கு எட்டிற்று. அவன் விலக்கப்பட்டான், கைது செய்யப்பட்டான், 29 நாள் சிறையிலிருந்தான். பின்னர் அரசு, கதையை விட்டுவிட்டு, கனடாவிலிருந்த ஒருவனோடு அவன் நிகழ்த்திய தனி மடற்போக்குவரத்தையே குற்றப்பத்திரிகைக்கு ஆதாரமாக்கியது. அவ்வாண்டு சூன் திங்களில் நீதிபதி வழக்கைத் தள்ளினார். 1997-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவரில் இருவர் அதனையே உறுதி செய்தனர். அம்மடல்கள் எவரையும் அச்சுறுத்திப் பணியவைக்க விடுக்கப்பட்டவையல்ல என்பது அவர்தம் முடிவு.

இரண்டிலும் இளைஞன், இரண்டிலும் கொடுஞ்சொல். ஒன்று குற்றம், மற்றொன்று குற்றமன்று. ஏன்?

இங்கேதான் நம் முதற் கேள்விக்கு விடை கிடைக்கிறது. சாபம் வானத்தை நம்பி நிற்கிறது. மிரட்டல் கையை நம்பி நிற்கிறது. வானத்திலே கை இல்லை என்றறிந்தவனுக்குச் சாபம் வெறும் ஒலி. ஆனால் மனிதனுக்குக் கை உண்டு, கையிலே கத்தி ஏறக்கூடும். ஆகவே மிரட்டலைக் கேட்டு அஞ்சுவது மூடநம்பிக்கையன்று; பகுத்தறிவே அஞ்சச் சொல்கிறது. அனுப்பியவன் விளையாட்டுப் பிள்ளையா, கொலைக்குத் துணிந்தவனா என்பதை அவன் அறிவான். பெற்றவர் எங்ஙனம் அறிவர்? அவன் கையை ஓங்காமலேயே அவர்கள் கால்கள் பின்வாங்குகின்றன. அந்த அளவிலே அச்சொல் செயலாகிவிட்டது.

மிச்சிகன் மடல்களோ எவரையும் நோக்கி எறியப்பட்டவையல்ல. அதனால் அம்மாணவன் தூயவனாகிவிட்டானா? இல்லை. உடன் பயின்றவளின் பெயரை ஊரறியக் களங்கப்படுத்தியது இழிசெயல். அவள் மானமுள்ள மனிதப்பிறவி என்பதை அவன் மறந்தான். ஆனால் இழிவு வேறு, குற்றம் வேறு. இழிவையெல்லாம் சிறைக்கு அனுப்பத் தொடங்கினால், நாளை எது இழிவு என்று தீர்மானிக்கும் கோல் எவன் கையில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

ஆத்திரத்திலே பிறந்த சொல்லும் அப்படித்தான். 1966-இல் வாஷிங்டன் நகரப் பொதுக்கூட்டத்தில், கட்டாயப் படைச் சேர்ப்பை எதிர்த்த 18 வயது இளைஞன், தன்னைத் துப்பாக்கி ஏந்த வைத்தால் முதல் குறி குடியரசுத் தலைவர் ஜான்சன்தான் என்றான். கூட்டம் சிரித்தது, அரசு வழக்குத் தொடுத்தது. 1969-இல் உச்சநீதிமன்றம் அது அரசியல் மிகைப்பேச்சே என்று அவனை விடுவித்தது. முகத்தைக் காட்டி, திறந்த மேடையிலே, நாட்டின் மிகப் பெரும் வல்லமையை நோக்கிக் கூறினான் அவன். இர்வைன் இளைஞனோ முகத்தை மறைத்து, இருட்டிலே, தன்னைப் போன்ற மாணவர்களை நோக்கிக் கூறினான். சொற்களைத் தராசிலே நிறுத்தால் இரண்டும் ஒரே எடை காட்டக்கூடும். சூழலை நிறுத்துப் பார்ப்பதே நீதி.

"நோக்கம் நல்லதாயின்?" என்று கேட்பர் சிலர். 2023 அக்டோபரில் கார்னெல் பல்கலைக்கழக மாணவன் ஒருவன், யூத மாணவர்களைக் கொல்வதாக மறைவிலிருந்து எழுதினான். யூதர்பால் பரிவு தோன்றச் செய்வதே அவன் எண்ணமென்றார் வழக்குரைஞர். 2024-இல் அவனுக்கு 21 திங்கள் சிறை கிடைத்தது. அவன் எழுத்தைப் படித்து நடுங்கியவர்கள் எவர்? எவருக்குப் பரிவு தேடினானோ அவர்களே! தீயிட்டுவிட்டு, அணைக்க ஆள் வரட்டும் என்பதற்காகவே இட்டேன் என்பவனின் வாதத்தை வீட்டுக்காரர் ஏற்பாரா?

எனினும், கேட்டவர் அஞ்சினார் என்பது மட்டுமே போதாது. பேசியவன் மனநிலையும் மெய்ப்பிக்கப்படவேண்டும். தன் சொல் மிரட்டலாகப் படும் என்ற இடரை அறிந்தும் பொருட்படுத்தாது பேசினான் என்றாவது அரசு காட்டவேண்டும் என்று 2023-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் விதித்தது. நேர்மையான விதி அது. அச்சத்தை மட்டும் அளவுகோலாக்கினால், ஆளவந்தார் தாமே அஞ்சுவதாக நடித்து, எதிர்ப்பவரையெல்லாம் மிரட்டற்காரராக்கிவிடுவர். குற்றஞ்சாட்டப்பட்டவன் குற்றவாளியல்லன் என்பதை அந்த 29 நாட்கள் நமக்கு நினைவூட்டட்டும்.

வகுப்பறையிலே பணிபுரியும் நாம் ஒன்றை அறிவோம். ஒரு மாணவர் அஞ்சி வராது போன நாளில் அந்த இருக்கை காலியாகிறது. அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் காலியாகிறது. வாதிடுபவன் எதிரியின் அறிவோடு பேசுகிறான். மிரட்டுபவன் அறிவைத் தாண்டி, நடுங்கும் நெஞ்சோடு பேசுகிறான். நரகத்தைக் காட்டி வாயடைத்தவனுக்கும், துப்பாக்கியைக் காட்டி வாயடைப்பவனுக்கும் முறையிலே வேறுபாடில்லை.

ஆகவே, கடுமையாகப் பேசுங்கள். உங்கள் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். கேட்பவன் மறுத்துப் பேச எழுந்து நிற்கும் வண்ணம் பேசுங்கள். எழுந்து ஓடும் வண்ணம் பேசுவது வீரமுமன்று, விவாதமுமன்று.