திரும்பி வராத 'ங்க'

2020 அக்டோபர் 1 முதல் கிட்ஹப்பில் புதிதாகத் தொடங்கும் ரெப்போவின் முதல் கிளைக்குப் பெயர் 'மாஸ்டர்' இல்லை, 'மெயின்'. ஆண்டான், அடிமை வாடை வேண்டாம் என்று மாற்றினார்கள். ஒரு சொல்லை மாத்தி என்ன ஆகப்போகுது என்று கேட்டவர்கள் உண்டு. சேலத்துக்காரர்கள் அப்படிக் கேட்க முடியாது. 1944 ஆகஸ்டில் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாடு, திராவிடர் கழகம் என்று தன் பெயரை மாற்றியது. கூடவே, உறுப்பினர்கள் பெயருக்குப் பின்னாலிருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது அண்ணாதுரையின் தீர்மானம்.

பெயரை மாற்றிவிடலாம். வினைமுற்றுதான் சிக்கல். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் 'யூ' போதும். தமிழில் வாய் திறந்தாலே 'வா'வா 'வாங்க'ளா என்று முடிவெடுத்தாக வேண்டும். மீட்டிங்கில் பதமாக ஆங்கிலம் பேசியவர், வெளியே வந்து, அம்மா வயதுள்ள துப்புரவுப் பணியாளரிடம் "இதைத் தொடச்சிடு" என்கிறார். எச்.ஆர். அனுப்பும் ஆங்கில வழிகாட்டியில் இது குற்றமே இல்லை.

சேலம், நாமக்கல் பக்கம் பேச்சே 'சரிங்க', 'இல்லீங்க'தான். மரியாதையான ஊர் என்பார்கள். ஆனால் பண்ணையாள் சொன்ன 'சரிங்க'வுக்குப் பதிலாக 'போடா'தான் வந்தது. 'ங்க' மேலே போகும், திரும்பி வராது.

"உரிமையில நீன்னு சொல்றேன், அதுல என்ன?" என்பார்கள். அவர் உங்களைத் திருப்பி 'நீ' என்று சொன்னால் பொறுத்துக்கொள்வீர்களா? மாட்டீர்கள் என்றால் அது உரிமை இல்லை, அதிகாரம். அவருக்கும் 'ங்க' போட்டுப் பேசுங்கள்.